99 சதவீதம் நேரம் தவறாத ரயிலில் ஏன் ஏற முடிவதில்லை?

சென்னை மெட்ரோ முதல் கட்டத்தில் ஓடும் நான்கு பெட்டி ரயிலில் 1,276 பேர் போகலாம் என்பது அதைச் செய்து கொடுத்த அல்ஸ்டாம் நிறுவனத்தின் கணக்கு. 2025 ஜூலையில் அந்த மெட்ரோவின் மாதப் பயணிகள் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இந்த இரண்டு எண்கள்தான். காலை ஒன்பது மணிக்கு வரும் ரயிலில் ஏற இடம் இருக்குமா, எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டால் இரண்டுமே வாய் திறக்காது. மாத எண்ணிக்கை வருவாய்க் கணக்குக்கு உதவும், அவ்வளவுதான். 1,276 என்ற எண்ணிலும் பாதிதான் ரயிலைப் பற்றியது. மீதிப் பாதி, ஒரு சதுர மீட்டர் தரையில் எத்தனை பேரை நிறுத்தலாம் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

சதுர மீட்டருக்கு எத்தனை பேர்?

கணக்குக்காக ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். 180 இருக்கைகள், நிற்பதற்கு 160 சதுர மீட்டர் தரை. சதுர மீட்டருக்கு 4 பேர் என்றால் அதன் கொள்ளளவு 820. 6 பேர் என்றால் 1,140. 8 பேர் என்றால் 1,460. இப்போது அந்த ரயிலில் 820 பேர் ஏறியிருக்கிறார்கள். முதல் கணக்கில் ரயில் நிறைந்துவிட்டது, இரண்டாவதில் 72 சதவீதம், மூன்றாவதில் 56 சதவீதம். உள்ளே நிற்பவரின் நிலை மாறவே இல்லை.

சதுர மீட்டருக்கு 4 பேர் என்றால் ஒருவருக்கு 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கட்டம். தோளில் பையோடு நின்று போனைப் பார்க்கலாம். 6 பேர் என்றால் அந்தக் கட்டம் 41 சென்டிமீட்டராகச் சுருங்கும். உடல் உரசும், ஆனாலும் கதவுப் பக்கம் நகர்ந்து இறங்கிவிடலாம். 8 பேர் என்றால் 35 சென்டிமீட்டர். ரயில் நடுவே நிற்பவர் தன் நிலையத்தில் இறங்க வேண்டுமென்றால் இரண்டு நிலையத்துக்கு முன்பே நகரத் தொடங்க வேண்டும். இந்திய மெட்ரோ திட்ட அறிக்கைகளில் வழக்கமான நெரிசலுக்கு 6, உச்ச நெரிசலுக்கு 8 என்று எடுத்துக்கொள்கிறார்கள். மும்பை புறநகர் ரயிலில் 14 முதல் 16 வரை பதிவாகியிருக்கிறது. படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் சேர்த்தால்தான் அந்த எண் வரும். அதை யாரும் கொள்ளளவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அளக்கும் படியே ஊருக்கு ஊர் வேறு என்பதற்கு ஹாங்காங் நல்ல உதாரணம். அங்கே எம்டிஆர் எனப்படும் மெட்ரோவின் தடங்கள் 6 பேர் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. 2014இல் சட்டமன்றத்துக்குப் போன ஆவணத்தில் அதே நெரிசலை 4 பேர் கணக்கிலும் போட்டுக் காட்டினார்கள். 70 சதவீதம் என்று நிம்மதியாகத் தெரிந்த தடங்கள் 100ஐ ஒட்டி வந்து நின்றன. காரணமும் சொல்லப்பட்டது: இடம் இருந்தாலும் நெருக்கியடித்து ஏறாமல் அடுத்த ரயிலுக்கு நிற்பது மக்களின் வழக்கமாகிவிட்டது. 6 பேர் கணக்கு காகிதத்தில் இருந்தது, பெட்டிக்குள் நடக்கவில்லை. வடிவமைப்புக் கொள்ளளவு, நடைமுறைக் கொள்ளளவு என்று இரண்டு உண்டு. விளம்பரத்தில் வருவது எப்போதும் முதலாவதுதான்.

ஜப்பான்காரர்கள் இதை வேறு மாதிரி கையாள்கிறார்கள். அவர்களுடைய நெரிசல் விகிதத்தில் 100 சதவீதம் என்றால், இருக்கைகள் நிறைந்து, நிற்பவர்கள் எல்லோருக்கும் பிடித்துக்கொள்ள வளையமோ கம்பியோ இருக்கும் நிலை. 150இல் செய்தித்தாளை விரித்து எளிதாகப் படிக்கலாம். 180இல் மடித்து, சிரமப்பட்டுப் படிக்கலாம். 200இல் உடல்கள் அழுத்தும், வாரப் பத்திரிகை அளவில் ஒன்றை எப்படியோ பிடித்துப் படிக்கலாம். 250இல் ரயில் குலுங்கும்போதெல்லாம் உடல் சாயும், கையை அசைக்க முடியாது. செய்தித்தாளை வைத்து அளப்பது இன்று கொஞ்சம் பழசாகத் தோன்றும். ஆனால் சதவீதத்தைக் கேட்டவுடன் உடம்புக்குப் புரிகிறது, அதுதான் அதன் பலம். டோக்கியோ பகுதியின் 31 முக்கியப் பிரிவுகளில் சராசரி 1975இல் 221 சதவீதமாக இருந்தது. தடங்களை இரட்டிப்பாக்கி, புதிய சுரங்கப் பாதைகள் போட்டு, பெட்டிகளைக் கூட்டி அதை 2019இல் 163க்குக் கொண்டுவந்தார்கள். கொரோனா ஆண்டான 2020இல் அது 107க்கு விழுந்தது. 2023இல் மறுபடி 136. சராசரி 163 என்ற அதே 2019இல் டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடத்தின் கிபா – மோன்சென்நகாச்சோ பிரிவில் மட்டும் 199 சதவீதம். சராசரி இறங்கியது என்று கிபாவில் ஏறுகிறவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

எந்தப் பிரிவு, எந்தப் பதினைந்து நிமிடம்?

ஒரு தடத்தின் நெரிசலை முழுத் தடத்துக்கும் சராசரியாகச் சொல்வதில் பொருளில்லை. கடைசி நிலையங்களில் ரயில் காலியாகத்தான் ஓடும். அளக்க வேண்டியது மிக அதிகம் பேர் ரயிலுக்குள் இருக்கும் இரண்டு நிலையங்களுக்கு இடையிலான துண்டை, அதுவும் நெரிசல் உள்ள ஒரே திசையில். காலையில் ஒரு துண்டு, மாலையில் வேறு துண்டு என்று இது மாறும்.

நேரத்திலும் இதே கதை. உச்ச நேரத்தை ஒரு மணியாக எடுப்பது வழக்கம், ஆனால் ஒரு மணி நேரமே நீளம் அதிகம். ஒரு பிரிவில் காலை நான்கு கால்மணிகளில் முறையே 3,000, 4,500, 5,500, 3,500 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 16,500. மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ரயிலுக்கு 900 பேர் என்றால் மணிக்கு 18,000 பேருக்கு இடம் உண்டு. ஆகவே 92 சதவீதம், பிரச்சினை இல்லை என்று அறிக்கை எழுதலாம். ஆனால் கால்மணிக்கு 4,500 பேருக்குத்தான் இடம். மூன்றாவது கால்மணியில் 5,500 பேர் வந்தால் அது 122 சதவீதம். ஆயிரம் பேர் நடைமேடையிலேயே நின்றுவிடுகிறார்கள், அல்லது 6 பேர் கட்டத்தில் 8 பேராக நெருங்குகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் ஒரு மணி எண்ணிக்கையை, உச்சக் கால்மணியை நான்கால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்துப் பார்ப்பார்கள். இங்கே அது 0.75. இந்த விகிதம் குறையக் குறைய, ஒரு மணி நேர சராசரி பொய் சொல்கிறது என்று அர்த்தம். அலுவலகங்களும் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் திறக்கும் வழித்தடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும்.

இடைவெளியை எது கட்டிப்போடுகிறது?

தடத்தின் கொள்ளளவு என்பது ரயிலின் கொள்ளளவை மணிக்கு எத்தனை ரயில் என்பதால் பெருக்கியது. ரயிலின் நீளத்தை நடைமேடை முடிவு செய்துவிடுகிறது. எனவே பேச்சு முழுக்க இடைவெளியைப் பற்றித்தான். சிக்னலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. எண்களைப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும்.

90 மீட்டர் ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்புகிறது. விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் கூட்டுகிறது. தன் முழு நீளமும், பின்னால் 50 மீட்டர் பாதுகாப்பு இடமும் காலியாக ஏறத்தாழ 17 விநாடி. கட்டுப்பாட்டுக் கருவிகள் இதைக் கண்டு அடுத்த ரயிலுக்குச் சொல்ல 5 விநாடி. அடுத்த ரயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பிரேக் போடும் புள்ளியில் இந்தச் செய்தியைப் பெற்றால், நடைமேடையில் வந்து நிற்க இன்னொரு 17 விநாடி. ஆக, ரயில்களுக்கு இடையிலான தூரத்தைக் கணத்துக்குக் கணம் கணக்கிடும் நவீன முறையில்கூட 39 விநாடி போய்விடுகிறது. தண்டவாளத்தை நிலையான பிளாக்குகளாகப் பிரிக்கும் பழைய முறையில் பிளாக்கின் நீளத்தைப் பொறுத்து இன்னொரு 15, 20 விநாடி கூடும். சிக்னலை மாற்றினால் மிச்சமாவது இதுதான்.

இதோடு ரயில் நடைமேடையில் நிற்கும் நேரம், சொல்லுங்கள் 35 விநாடி. இதுவரை 74. பிறகு தளர்வு: ஒரு ரயில் பத்து விநாடி தாமதித்தாலும் பின்னால் வருவது சுரங்கத்தில் நிற்காமல் இருக்க 15 விநாடியாவது விட வேண்டும். மொத்தம் 90 விநாடிக்கு அருகில். மணிக்கு 40 ரயில். மாஸ்கோ மெட்ரோ உச்ச நேரத்தில் ஓட்டுவது இந்த 90 விநாடியில்தான். அங்கே நடைமேடை முனையில் ஒரு கடிகாரம், முந்தைய ரயில் கிளம்பி எத்தனை விநாடி ஆயிற்று என்பதை நீண்ட காலம் காட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டுநரும் பயணியும் ஒரே எண்ணைப் பார்த்தார்கள். சேவைத் தரத்தை அளக்கும் கருவிகளில் இதைவிட எளிமையானது இருக்க முடியாது.

கணக்கில் கவனிக்க வேண்டியது அந்த 35 விநாடியை. மற்றவை இயற்பியல், இது மனிதர்கள். நான்கு பெட்டி, பெட்டிக்கு நான்கு கதவு என்றால் ஒரு பக்கம் 16 கதவுகள். பயணிகள் தடம் மாறும் ஒரு நிலையத்தில் இறங்குபவரும் ஏறுபவரும் சேர்ந்து 480 பேர் என்றால் கதவுக்கு 30 பேர். அகலமான கதவில் இரண்டு வரிசை போகும், வரிசைக்கு விநாடிக்கு ஒருவர் என்றால் 15 விநாடியில் முடியும். நடைமுறையில் கூட்டம் 16 கதவுக்கும் சமமாகப் பிரிவதில்லை. எஸ்கலேட்டர் வந்து இறங்கும் இடத்துக்கு எதிரே உள்ள கதவில் இருமடங்கு பேர் நிற்பார்கள். அங்கே 30 விநாடி. கதவு திறக்க, மூட, நடைமேடைத் தடுப்புக் கதவோடு ஒத்துப்போக இன்னும் 8 விநாடி. உள்ளே ஏற்கெனவே நெரிசல் இருந்தால் வரிசையின் வேகம் பாதியாகும். 35 விநாடி 55 ஆனது எப்படி என்று யாருக்கும் தெரியாமலே ஆகிவிடும். சிக்னலுக்கு நூற்றுக்கணக்கான கோடி கொடுத்து வாங்கிய 20 விநாடியை ஒரு கதவு விழுங்கிவிட்டது. தடம் முழுவதும் 25 நிலையம் ஒழுங்காக இருந்து, ஒரே ஒரு நிலையம் 55 விநாடி எடுத்தால், முழுத் தடத்தின் இடைவெளியும் அந்த நிலையத்தின் இடைவெளிதான்.

கதவைக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. டோக்கியோவின் யமனோதே தடத்தில் 1990 முதல் பக்கத்துக்கு ஆறு கதவு வைத்த பெட்டிகளை ஓட்டினார்கள். காலை நெரிசல் நேரத்தில் இருக்கைகளை மடக்கி வைத்து எல்லோரையும் நிற்க வைத்தார்கள். நடைமேடைத் தடுப்புக் கதவுகள் வந்தபோது எல்லாப் பெட்டியிலும் கதவு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டியதாயிற்று. 2011க்குள் ஆறு கதவுப் பெட்டிகள் அந்தத் தடத்திலிருந்து போய்விட்டன.

அடுத்த முடிச்சு, ரயில் திரும்பும் கடைசி நிலையம். லண்டன் விக்டோரியா தடத்தில் 2017 முதல் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில், அதாவது 100 விநாடிக்கு ஒன்று. இரு முனைகளிலும், பிரிக்ஸ்டனிலும் வால்தம்ஸ்டோ சென்ட்ரலிலும், இரண்டு நடைமேடைகள்தான். ஒவ்வொரு நடைமேடையிலும் 200 விநாடிக்கு ஒரு ரயில் வந்து, காலியாகி, நிரம்பி, வெளியேறியாக வேண்டும். ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மாற்றிவிடும் குறுக்குத் தடம் வழியே உள்ளே வருவது, வெளியே போவது, தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயிண்ட் மாறிப் பூட்டுவது ஆகியவை இதில் பெரும்பங்கைத் தின்கின்றன. ரயிலின் நீளம் 133 மீட்டர். ஓட்டுநர் இறங்கிக் கூட்டத்தில் நடந்து மறுமுனைக்குப் போக விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் 110 விநாடி ஆகும். கதை முடிந்தது. அதனால் அங்கே ஓட்டுநர் தன் ரயிலைத் திருப்பி ஓட்டுவதில்லை. மறுமுனையில் ஏற்கெனவே காத்திருக்கும் வேறொருவர் ஏறிக்கொள்கிறார். வந்தவர் பின்னால் வரும் இன்னொரு ரயிலை எடுக்க நடந்து போகிறார். கூடுதல் ஆள் செலவு உண்டு, ஆனால் புதிய சுரங்கம் தோண்டுவதைவிட மலிவு. இதோடு 2015 ஆகஸ்டில் தடத்தின் வடமுனையை மூன்று வாரம் போல மூடி, வால்தம்ஸ்டோவின் குறுக்குத் தடத்தை வேகமாகக் கடக்கும்படி மாற்றினார்கள். மெதுவான அந்தக் குறுக்குத் தடம்தான் அதுவரை தடத்தின் உச்சவரம்பு.

நிலையமும் ஒரு வரம்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் அகல எஸ்கலேட்டர் நடைமுறையில் நிமிடத்துக்குச் சுமார் 100 பேரை ஏற்றும். 90 விநாடிக்கு 150 பேர். ஒரு ரயிலில் 400 பேர் இறங்கினால் மேலே போகும் எஸ்கலேட்டர் மூன்று வேண்டும். இரண்டுதான் இருந்தால் அடுத்த ரயில் வரும்போதும் நடைமேடையில் நூறு பேர் மிச்சம், அதற்கடுத்த ரயிலுக்கு இருநூறு. பத்து நிமிடத்தில் நிலையத்தின் வாயிலை மூட வேண்டிவரும். லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015 இறுதியில், நடப்பவர்களுக்கு இடப்பக்கம் விடாமல் இரு பக்கமும் நின்றே போகச் சொல்லிச் சோதித்தார்கள். அந்த எஸ்கலேட்டரில் போவோர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. உயரமான எஸ்கலேட்டரில் நடந்து ஏறுபவர்கள் குறைவு, இடப்பக்கம் பாதி காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் ஐந்தும் சேர்ந்தால் மூன்று அல்ல

மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று அட்டவணை. நடைமேடைக்கு நிமிடத்துக்கு 300 பேர் வருகிறார்கள். ரயிலில் 1,276 பேருக்கு இடம். ஒழுங்காக ஓடினால் ஒவ்வொரு ரயிலிலும் 900 பேர், 71 சதவீதம். சராசரிக் காத்திருப்பு ஒன்றரை நிமிடம்.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு ரயில் இரண்டு நிமிடம் பிந்துகிறது. இடைவெளிகள் 5, 1, 5, 1 என்று மாறுகின்றன. மணிக்கு அதே 20 ரயில், சராசரி இடைவெளி அதே மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் கழித்து வரும் ரயிலுக்கு 1,500 பேர் காத்திருப்பார்கள், ஒரு நிமிடத்தில் வரும் ரயிலுக்கு 300 பேர். முதலாவது 118 சதவீதம், இரண்டாவது 24 சதவீதம். ரயில்களின் சராசரி எடுத்தால் 71, எதுவுமே நடக்காதது போல. ஆனால் ஆறில் ஐந்து பயணிகள் அந்த 118 சதவீத ரயிலில்தான் இருக்கிறார்கள். பயணிகளைக் கொண்டு சராசரி எடுத்தால் 102 சதவீதம். காத்திருப்பும் ஒன்றரை நிமிடத்திலிருந்து 2.17 நிமிடமாகிறது, ஏனென்றால் நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் மாட்டுவார்கள். பின்னால் ரயில் காலியாக வருகிறது, முன்னால் வந்தது பிதுங்குகிறது என்று பயணிகள் சொல்லும் புகாரும், நெரிசல் 71 சதவீதம்தான் என்ற அலுவலகத்தின் பதிலும் இரண்டுமே உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இது தானாகச் சரியாவதும் இல்லை. பிந்திய ரயிலில் கூட்டம் அதிகம், அதனால் கதவில் நேரம் அதிகம், அதனால் இன்னும் பிந்தும். பின்னால் வருவது காலி, சீக்கிரம் கிளம்பி அதன் வாலைப் பிடிக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் செய்யக்கூடியது முன்னால் போன ரயில்களைச் சில விநாடி நிறுத்தி வைத்து இடைவெளியைப் பரப்புவது. அதைச் செய்தால் நேரத்துக்கு ஓடிய ரயில்களும் அட்டவணைப்படி தாமதமாகும். நேரம் தவறாமையை மட்டும் வைத்து மதிப்பெண் போடும் நிறுவனத்தில் எந்தக் கட்டுப்பாட்டாளரும் அதைச் செய்யத் தயங்குவார். தவறான அளவுகோல் தவறான இயக்கத்தை உண்டாக்குவது இந்த இடத்தில்தான்.

ரயிலை எண்ணுவதா, பயணியை எண்ணுவதா

கடைசி நிலையத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு என்பது நியூயார்க் சப்வே நீண்ட காலம் பயன்படுத்திய அளவு. பெரும்பாலான பயணிகள் கடைசி நிலையம் வரை போவதில்லை. வழியில் பிந்திய ரயில் முனைக்கு வரும்போது நேரத்தைப் பிடித்துவிடலாம், சில நிலையங்களைத் தாண்டி ஓடியும் பிடிக்கலாம். இன்னொரு அளவு, இரு ரயிலுக்கு இடையிலான இடைவெளி அட்டவணையைவிட 25 சதவீதத்துக்கு மேல் போகாத தருணங்கள் எத்தனை என்பது. இது கொஞ்சம் மேல். ஆனால் 26 சதவீதம் தாண்டினாலும் 300 சதவீதம் தாண்டினாலும் ஒரே தோல்விதான். 2017இல் தான் அங்கே பயணி நடைமேடையில் கூடுதலாகக் காத்திருந்த நேரம், ரயிலுக்குள் கூடுதலாக இருந்த நேரம் என்ற எண்களை வெளியிடத் தொடங்கினார்கள். அட்டவணை நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த பயணங்கள் எத்தனை சதவீதம் என்பதும் அதிலிருந்து வருகிறது.

லண்டன் இதில் முன்னோடி. ஒரு பயணத்தை நடந்து உள்ளே போவது, டிக்கெட் எடுப்பது, நடைமேடையில் காத்திருப்பது, ரயிலில் போவது, மாறுவது என்று துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஆகும் நேரத்துக்கு மேல் எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட்டார்கள். எல்லா நிமிடமும் சமமில்லை. ரயிலுக்குள் கழியும் ஒரு நிமிடத்தைவிட நடைமேடையில் காத்திருக்கும் நிமிடத்துக்கு இருமடங்கு அல்லது அதற்கு மேல் எடை. பழுதுகளுக்குத் தனியாக, இழந்த பயணி மணிகள் என்ற கணக்கு உண்டு. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தடங்கலுக்கும், இடம், நேரம், நீளம் மூன்றையும் வைத்து எத்தனை பயணிகளின் எத்தனை மணி போனது என்று அட்டவணையில் பார்த்துப் பதிவார்கள். காலை எட்டரைக்கு ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் பத்து நிமிடத் தடங்கலும், இரவு பத்தரைக்குப் புறநகர் முனையில் பத்து நிமிடத் தடங்கலும் ஒரே எடை பெறுவதில்லை. 2003இல் தொடங்கிய தனியார் பராமரிப்பு ஒப்பந்தங்களில் பணம் கைமாறியதே இந்தக் கணக்கின் மேல்தான்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2011 டிசம்பரில் வடக்கு–தெற்குத் தடத்தில் இரண்டு பெரிய முடக்கங்கள் நேர்ந்து விசாரணைக் குழு அமைந்த பிறகு, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட இரு பழுதுகளுக்கு இடையே ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்பதை முதன்மை அளவாக்கினார்கள். 2012இல் 67,000 கிலோமீட்டராக இருந்தது 2019இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. பராமரிப்பு எவ்வளவு மேம்பட்டது என்பதற்கு இது நேர்மையான சான்று. ஆனால் இந்த அளவு பழுதுகளை எண்ணுகிறது, நீளத்தை எண்ணுவதில்லை. 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு–மேற்குத் தடத்தில் ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப் பெட்டி கழன்று விழுந்து தண்டவாளத்தை நாசம் செய்ததில், ஜூரோங் ஈஸ்ட் – புவன விஸ்தா இடையே ஆறு நாள் ரயில் இல்லை. ஆறு நிமிடத் தடங்கலைப் போலவே அதுவும் கணக்கில் ஒரு பழுது. பழுதுகளுக்கு இடையே ஓடிய சராசரி தூரம் எவ்வளவு என்பதோடு, மொத்தம் எத்தனை பயணி மணி போனது என்பதையும் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும்.

இன்னொரு பழைய தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்தான ரயில் தாமதமான ரயிலாகாது. கிளம்பவே செய்யாத ரயிலை வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டால், மிச்சம் ஓடியவை அழகாக நேரத்துக்கு ஓடியதாகத் தெரியும். 99 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திட்டமிட்டவற்றில் 99ஆ, ஓடியவற்றில் 99ஆ என்பதுதான்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

ரயிலில் எத்தனை பேர் என்பதை முன்பெல்லாம் நடைமேடையில் நின்ற ஊழியர் கண்ணால் மதிப்பிட்டுக் குறித்தார். இப்போது பெட்டியைத் தாங்கும் காற்று ஸ்பிரிங்கின் அழுத்தமே எடையைச் சொல்லும்; பிரேக்கை அளவோடு போட அந்த எடை எப்படியும் வேண்டும். தலைக்கு 65 கிலோ என்று வகுத்தால் ஆள் கணக்கு வரும். விமான நிலையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு ஏறும் கூட்டத்தில் இது கூடுதலாகக் காட்டும், பள்ளிப் பிள்ளைகள் ஏறும் நேரத்தில் குறைவாகக் காட்டும். பெட்டிக்குப் பெட்டி வேறுபாட்டைச் சொல்லும். ஒரே பெட்டியில் கதவருகே அடைத்து நடுவில் காலியாக இருப்பதைச் சொல்லாது.

கட்டண வாயில் தரும் தகவல் இன்னும் வளமானது. உள்ளே போனது எப்போது, வெளியே வந்தது எப்போது என்று விநாடி வரை தெரியும். ஆனால் இடையில் நடந்தது தெரியாது. 22 நிமிடப் பயணம் 27 நிமிடமானது ரயில் பிந்தியதாலா, முதல் ரயிலில் ஏற முடியாமல் நின்றதாலா, நண்பரோடு பேசிக்கொண்டிருந்ததாலா? நிறைய பயணங்களை ரயில் ஓடிய நேரப் பதிவோடு பொருத்தித்தான் பிரிக்க முடியும். நியூயார்க்கில் வெளியே வரும்போது கார்டு தேய்ப்பதே இல்லை, இறங்கிய இடத்தை ஊகிக்க வேண்டும். பல தடங்கள் பின்னிக் கிடக்கும் வலைப்பின்னலில் எந்த வழியாகப் போனார்கள் என்பதும் தெரியாது. லண்டனில் 2016 நவம்பர்–டிசம்பரில் நான்கு வாரம் 54 நிலையங்களில் கைப்பேசிகளின் வைஃபை தொடர்பைப் பெயரறியாமல் பதிந்து பார்த்தபோது, கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போவது தெரிந்தது.

ஏற முடியாமல் விடப்பட்டவர்களின் எண்ணிக்கைதான் பெரும்பாலும் எந்தப் பதிவிலும் இல்லாதது. நடைமேடைக் கேமராவை வைத்தோ, உச்ச நேரத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஓர் ஆளை நிறுத்தியோதான் எண்ண முடியும். செலவு குறைவான வேலை, ஆனால் வெளியிட யாருக்கும் விருப்பமிருக்காத எண்.

சென்னைக்கு வந்தால்

முதல் கட்டத்தின் நீலத் தடத்தில் (விம்கோ நகர் – விமான நிலையம்) உச்ச நேரத்தில் வண்ணாரப்பேட்டை முதல் ஆலந்தூர் வரை மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், அந்தப் பகுதிக்கு வெளியே ஆறு நிமிடம் என்பது மெட்ரோ நிறுவனம் அறிவித்த ஏற்பாடு. இருக்கும் ரயில்களைக் கொண்டு கூட்டம் உள்ள நடுப்பகுதிக்கு அடிக்கடி ஓட்டும் குறுஞ்சுற்று இது. ரயில் கணக்கைப் போட்டால் ஏன் என்று புரியும். முழுச் சுற்று 108 நிமிடம் என்றால் மூன்று நிமிட இடைவெளிக்கு 36 ரயில் வேண்டும், பராமரிப்புக்கு ஒதுக்கியவை தனி. நடுப்பகுதிச் சுற்றை மட்டும் இரட்டிப்பாக்கினால் பல ரயில்கள் மிச்சம். முடிவு சரியானதுதான். ஆனால் நீலத் தடத்தின் சராசரி இடைவெளி என்று ஓர் எண்ணைச் சொன்னால், விம்கோ நகரில் நிற்பவருக்கும் எல்ஐசியில் நிற்பவருக்கும் அது பொருந்தாது. பிரிவு வாரியாகச் சொல்ல வேண்டும். குறுஞ்சுற்று ரயில் திரும்பும் இடத்தில் பின்னால் வரும் நீண்ட தூர ரயில் எத்தனை விநாடி தாமதிக்கிறது என்பதையும் கூடவே அளக்க வேண்டும்.

முதல் கட்ட நடைமேடைகள் ஆறு பெட்டி நிற்கும் நீளத்தில் கட்டப்பட்டவை. ஆகவே இடைவெளியைக் குறைக்காமலே அங்கே கொள்ளளவை ஒன்றரை மடங்காக்க வழி இருக்கிறது. இரண்டாம் கட்டத்தின் சுமார் 119 கிலோமீட்டரில் ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத மூன்று பெட்டி ரயில்கள். ரயிலுக்கு 900 பேர் என்று கொண்டால், மூன்று நிமிட இடைவெளியில் மணிக்கு 18,000, 90 விநாடியில் 36,000. பெட்டி குறைவு என்பதால் எல்லாப் பாரமும் இடைவெளியின் மேல் விழுகிறது. ஓட்டுநர் நடந்து மறுமுனைக்குப் போகும் 110 விநாடி இங்கே இல்லை, அது பெரிய லாபம். கதவில் ஆகும் நேரம் அப்படியே இருக்கும், குறைந்த கதவுகளில் அதே கூட்டம் என்பதால் கூடவும் செய்யலாம். வான்கூவரின் கனடா தடம் 2009இல் திறந்தபோது நடைமேடைகள் 40 முதல் 50 மீட்டர் நீளம்தான், ஓடியவை இரண்டு பெட்டி ரயில்கள். அங்கே கூட்டம் பெருகியபோது பெட்டியைக் கூட்டாமல், ரயில்களை வாங்கி இடைவெளியைச் சுருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் கட்டத்தின் ஒவ்வொரு பிரிவு திறக்கும்போதும் கேட்டு வாங்க வேண்டிய எண்கள் மூன்று: முனையில் ரயில் திரும்ப ஆகும் விநாடி, உச்சக் கால்மணியில் மிக நெரிசலான நிலையத்தில் கதவு திறந்திருந்த விநாடி, அந்தக் கால்மணியில் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்பது.